மேகத்துக்குள் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் நான்கு பிள்ளைகள் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். நான்கு பேருக்கும் ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை. "அங்கிள், அடுத்த வருஷம் எக்வடார் போறோம். மிந்தோ மேகக் காட்டுல பத்து நாள், கைடோட. என்ன பைனாகுலர் வாங்கலாம்?" என்றான் ஒருவன். இங்கே என்னென்ன பறவை பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பால்கனியில் புறா வருகிறதாம். வராமலிருக்க வலை கட்டியிருக்கிறார்களாம்.

அடுத்த வாரமே அவர்களை நந்தி மலைக்குக் கூட்டிப்போனேன். வண்டியில் சொன்னதும், சொல்ல மறந்ததுமாகச் சில வார்த்தைகள் இங்கே.

1. முதலில் வீட்டுப் பக்கத்து மேகத்தைப் பாருங்கள். ஈரக்காற்று மலையில் முட்டி மேலேறும்போது குளிர்ந்து மேகமாகிறது. அந்த மேகம் அடிக்கடி தங்கும் உயரத்தில் மரங்கள் பாசியும் பெரணியும் ஆர்க்கிட்டும் போர்த்தி நிற்கும். மிந்தோ இருக்கும் ஆண்டிஸ் மலைச் சரிவுகளில் இதைத்தான் மேகக் காடு என்கிறார்கள். நீலகிரி, ஆனைமலைச் சோலைகளும் அதே சாதிதான். பெங்களூரிலிருந்து 60 கிலோமீட்டர் வடக்கே, 1,478 மீட்டர் உயரத்தில் இருக்கும் நந்தி உச்சி அவ்வளவு பெரிய காடு அல்ல. பாதி பூங்கா, பாதி மரக்கூட்டம். ஆனாலும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நீலகிரிக் காட்டுப்புறா, தன் மலைத்தொடரை விட்டு இத்தனை தூரம் கிழக்கே தள்ளி இந்த உச்சியில் குடியிருக்கிறது. பிடரியில் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளைக் கட்டம் இருக்கும். மேகம் சூழ்ந்த மரத்தில் பழம் தின்னும் ஒரு புறாவைக் கண்டுபிடிக்கப் பழகினால் ஆண்டிஸுக்குப் பாதி பாடம் முடிந்தது.

2. பைனாகுலரில் பெரிய எண்ணுக்கு ஆசைப்படாதீர்கள். 8x42 என்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். 42-ஐ எட்டால் வகுத்தால் ஐந்தேகால். அத்தனை மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றை உங்கள் கண்ணுக்கு வருகிறது. மங்கல் வெளிச்சத்துக்கு அது போதும். 10x25 வாங்கினால் இரண்டரைதான் வரும். மூடுபனியில் எல்லாம் சாம்பலாகத் தெரியும், கை நடுக்கமும் பத்து மடங்காகும். நீர் புகாததாக, நைட்ரஜன் நிரப்பியதாகப் பார்த்து வாங்கினால் உள்ளே ஆவி படியாது. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்பக்கத்து வளையத்தை உள்ளே திருகிவிட்டுப் பாருங்கள்.

3. தூக்கிப் பிடிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். பார்வை பறவை மேலேயே இருக்கட்டும். பைனாகுலர் கண்ணுக்கு வரட்டும். அடுத்தவருக்குக் காட்டும்போது கையை நீட்டிக் கத்த வேண்டாம். மரத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டு, "அந்த வளைந்த மரம், இரண்டு மணிப் பக்கம், கிளை நுனி" என்று மெல்லச் சொல்லுங்கள். உலகத்தில் எந்தக் கைடும் இப்படித்தான் சொல்வார். "அதோ, அங்கே, அந்தப் பச்சை இலைக்குப் பக்கத்தில்" என்பது காட்டில் ஒன்றுக்கும் உதவாது.

4. காதைப் பழக்குங்கள். இதைத்தான் பத்துத் தடவை சொல்வேன். மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் கண்ணுக்கு வேலை இல்லை. பழகிய கைடு பெரும்பாலும் கேட்டுவிட்டுத்தான் தேடுவார். நந்தியில் விடியும் முன்னே யாரோ ஒரு பையன் மெட்டு மறந்து சீட்டியடிப்பதுபோலக் கேட்கும். அது சீகாரப் பூங்குருவி. மற்றதெல்லாம் ஓய்ந்த பிறகும் "குட்ரூ குட்ரூ" என்று ஓயாமல் கேட்பது குக்குறுவான். நம் பெரியவர்கள் காதால்தான் பேர் வைத்தார்கள். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் ஆறுமணிக்குருவி. தமிழ்ப் பேராசிரியர் க. ரத்னம் இப்படி ஊர்மக்கள் வழங்கும் பறவைப் பெயர்களைத் தேடித் தொகுத்தார். அவருடைய புத்தகம் கிடைத்தால் வாங்கி வையுங்கள். சோலைகளின் இருட்டில் வாழும் சின்னப் பாட்டுக்காரப் பறவைக்கு, மரபணுவையும் பாட்டையும் ஆராய்ந்து 2017-இல் விஞ்ஞானிகள் 'ஷோலிகோலா' என்று தனிப் பேரினமே வகுத்தார்கள். உள்ளே நம் 'சோலை' என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். ஒரு மாதம், தினம் காலையில் மொட்டைமாடியில் பத்து நிமிஷம் கண்ணை மூடி நில்லுங்கள். எத்தனை குரல் என்று மட்டும் எண்ணுங்கள். பேர் தெரியாவிட்டால் பரவாயில்லை.

5. நடக்காதீர்கள், நில்லுங்கள். காட்டில் அரை மணி நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு திடீரென்று ஒரு மரம் முழுக்க அசையும். வெள்ளைக்கண்ணி, கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான், கரிச்சான் என்று பல சாதியும் ஒன்றாக வேட்டைக்குக் கிளம்பிய கூட்டம் அது. பல கண்கள் இருந்தால் வல்லூறு வருவது முன்கூட்டியே தெரியும். ஒருவர் கலைக்கும் பூச்சி இன்னொருவருக்கு இரையாகும். ஆண்டிஸிலும் இதே கதைதான், சாதிகள்தான் இன்னும் அதிகம். கூட்டத்தின் பின்னால் ஓடினால் எல்லாம் வாலாகத்தான் தெரியும். அது போகும் திசையைக் கணித்து முன்னே போய் நின்றுகொள்ளுங்கள்.

6. மாதம் பார்த்துப் போங்கள். நந்திக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம். இமயமலைப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே வரும் நீலத்தலைப் பூங்குருவி, இந்திய நீல ராபின் எல்லாம் அப்போதுதான் இங்கே. மே மாதம் போய்விட்டு "ஒன்றுமில்லை" என்று சொன்னால் தப்பு மலை மேல் இல்லை. சனி ஞாயிறு வேண்டாம். சூரியோதயம் பார்க்க வரும் வண்டிகள் இருட்டிலேயே வரிசை கட்டி நிற்கும்.

7. மங்கிய நிறத்தில் உடுத்துங்கள், வெள்ளை கூடாது. தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள். நந்திக் குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும்.

8. பேர் சொல்ல அவசரப்படாதீர்கள். என் முதல் நந்திப் பயணத்தில் மூடுபனிக்குள் ஒரு பருத்த நிழலைக் கண்டு காட்டுப்புறா என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். பனி விலகியது. எங்கள் வீட்டுக் கொல்லையில் தினமும் மேயும் புள்ளிப்புறாதான் உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. இன்று போனில் மெர்லின் செயலி குரல் கேட்டுப் பேர் சொல்கிறது. நல்ல துணைதான். ஆனால் அது சொல்வது யோசனை, தீர்ப்பு அல்ல. நீங்கள் பார்க்காததை, கேட்டு உறுதி செய்யாததை இபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். அந்தக் கணக்கை நம்பி ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

9. பறவையை வரவழைக்காதீர்கள். அதன் குரலைப் போனில் போட்டால் எதிரி வந்துவிட்டான் என்று எண்ணித்தான் அது ஓடி வருகிறது. குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தில் உங்களோடு சண்டைக்கு நிற்கிறது. கூட்டருகே போகாதீர்கள், கூட்டின் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஒரு படம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக ஒரு கூடு அழியக் கூடாது.

10. கைடை மதியுங்கள். மிந்தோவுக்குப் பக்கத்தில் ஏஞ்சல் பாஸ் என்று ஒரு விவசாயி. தன் நிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், அங்கே செந்நிறப் பாறைச்சேவல்கள் கூடி ஆடுவதைப் பார்க்க வெளிநாட்டார் காசு கொடுப்பார்கள் என்று தெரிந்ததும் காட்டை அப்படியே விட்டுவைத்தார். எவர் கண்ணிலும் லேசில் படாத பெரிய ஆன்ட்பிட்டா என்ற பறவை ஒன்றுக்குப் பொறுமையாக மண்புழு போட்டுப் பழக்கி, மரியா என்று பேரும் வைத்தார். புழு போடுவது சரியா என்று வாதம் உண்டு. நம்மூரில் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். ஆனால் காடு நிற்கிறது. நம் அருணாசலப் பிரதேசத்து ஈகிள்நெஸ்ட் மலையைப் பாருங்கள். அங்கே ரமணா ஆத்ரேயா என்ற வானியலாளர் கண்ட புதிய பறவையை 2006-இல் உலகுக்கு அறிவித்தார். அந்தப் பறவை அவ்வளவு குறைவாக இருந்ததால் ஒன்றைக்கூடக் கொல்லாமல், படமும் உதிர்ந்த சிறகும் வைத்தே விவரித்தார். அதற்கு அந்த மலைமக்களான புகுன்களின் பேரையே வைத்தார். காடு யாருடையதோ அவர் கையில் கூலி நியாயமாகப் போக வேண்டும். "இன்னைக்கு எத்தனை ஸ்பீஷிஸ் காட்டுவீங்க?" என்று கைடிடம் கேட்காதீர்கள்.

11. பத்து நாள் பயணத்துக்கு முன்னால் பத்து ஞாயிற்றுக்கிழமை வேண்டும். 1970-களில் ஜோசப் ஜார்ஜும் நண்பர்களும் ஆரம்பித்த பெங்களூர்ப் பறவை நோக்கர் சங்கத்தார் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு லால்பாக் கண்ணாடி மாளிகை அருகே கூடி நடப்பது வழக்கம். நான் பழகியது அங்கேதான். பைனாகுலர் இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவர் கொடுப்பார்.

அன்றைக்கு நந்தியில் அந்த நான்கு பேரும் காட்டுப்புறாவைப் பார்க்கவில்லை. சிறகு படபடப்பு மட்டும் கேட்டது. மறுவாரம் என்னிடம் சொல்லாமலே மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். எக்வடாருக்குத் தாராளமாகப் போகட்டும். அங்கே சாப்பாட்டு மேசையில் கைடு கேட்பார், உங்கள் ஊரில் என்ன பறவை இருக்கிறது என்று. பதில் சொல்லத் தெரிந்துகொண்டு போங்கள்.