லா போசாடா: ஒரு சத்திரத்தின் வரலாறு

'லா போசாடா' என்னும் ஸ்பானியத் தொடர் நம் மொழியிற் சத்திரம் எனப் பொருள்படும். அப்பெயர் பூண்ட விடுதியொன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் அரிசோனா மாகாணத்து வின்ஸ்லோ என்னும் சிறு நகரில், கடைத்தெருவை அடுத்து இருப்புப்பாதையின் ஓரமாக நிற்கின்றது. அந்நகரின் மக்கட்டொகை 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 9,000. சுற்றிலும் வறண்ட மேட்டுநிலம். இத்தகைய ஊரில் அத்துணைப் பெரிய மாளிகை எழுந்தது ஏன், பாழ்பட்டது ஏன், மீண்டது எங்ஙனம் என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

முதற்கண் புகைவண்டிப் பயணிகளின் பசியைக் கூறல் வேண்டும். சென்ற நூற்றாண்டிற்கு முற்பட்ட நூற்றாண்டில் அந்நாட்டு மேற்றிசைப் பாதைகளிற் செல்வோர், வண்டி நிற்கும் சிறு பொழுதிற்குள் நிலையத்தருகே கிடைத்ததை உண்டு ஓடிவந்து ஏறினர். அவ்வுணவோ பெரும்பாலும் உண்ணத் தகாதது. இக்குறையைக் கண்டவர், இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவிற் குடிபுகுந்த பிரெட் ஹார்வி என்பார். அவர் 1876-இல் கான்சாஸ் மாகாணத்து டொபீகா நிலையத்தில், சாந்தா பே இருப்புப்பாதைக் கம்பெனியாரின் இசைவுபெற்று, தூய்மையும் ஒழுங்குமுடைய உண்டிச்சாலை ஒன்றை நிறுவினார். அது தழைத்து நிலையந்தோறும் கிளைத்தது. 1883 முதல் அச்சாலைகளில் உணவு பரிமாறும் பணியிற் பெண்களே அமர்த்தப்பட்டனர். 'ஹார்வி பெண்கள்' என அந்நாட்டார் இன்றும் பெருமையுடன் கூறுவது அவர்களையே. ஹார்வி 1901-இல் இறந்தும் அவர் பெயரால் அத்தொழில் நின்று நடந்தது.

வின்ஸ்லோ சாந்தா பே பாதையின் முக்கியமான நிலையங்களுள் ஒன்று. வடக்கே ஹோப்பி, நவஹோ என்னும் பழங்குடியினரின் ஊர்கள். அணித்தே பல நிறம் காட்டும் பாலைநிலமும், கல்லாய்ச் சமைந்த மரங்கள் கிடக்கும் காடும் உள்ளன. இவற்றைக் காண விழையும் செல்வரைத் தங்கச் செய்தல் வேண்டுமென்று கருதியே, கம்பெனியார் இவ்வூரில் ஒரு பெருவிடுதி எடுக்கத் துணிந்தனர்.

அதனை வகுத்தவர் மேரி கோல்ட்டர் அம்மையார் (1869-1958). கட்டடக் கலையிற் பெண்டிர் மிக அரியராயிருந்த அக்காலத்தில், கிராண்ட் கான்யன் என்னும் பெரும்பள்ளத்தாக்கின் விளிம்பிற் பல கட்டடங்களை அமைத்துப் புகழ் பெற்றவர் இவர். வின்ஸ்லோவில் இவர் செய்தது வியப்புக்குரியது. கடைக்கால் இடுமுன் ஒரு கதையைக் கட்டினார்! ஸ்பானியச் செல்வர் ஒருவர் பண்டைநாளில் இங்கு மனை எடுத்தாராம். அவர் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக அறையும் தாழ்வாரமும் கூட்டிக்கொண்டே வந்தனராம். பின்னர்ப் பொருள் குன்றவே, குடியிருந்த மனையை விடுதியாக்கினராம். அப்படி ஒரு குடும்பம் இருந்ததேயில்லை. ஆயினும் கட்டடம், தோட்டம், தட்டுமுட்டுப் பொருள்கள், பணிமகளிர் உடை ஆகிய யாவும் அக்கதைக்கு இயைய வகுக்கப்பெற்றன. பழம்பொருள்கள் சிலவற்றை அம்மையார் விலைக்கு வாங்கினார். வேறு சிலவற்றைப் பழைமைத் தோற்றம் வரத் தச்சரைக் கொண்டு செய்வித்தார். புதிய வீடு பிறக்கும்போதே முதுமை பூண்டு பிறந்தது. இதனைப் போலி என்பாருமுளர். கற்பனைப் பாத்திரத்தின் கூற்றாகப் பாடும் புலவனை நாம் பொய்யன் என்பதில்லை. அம்மையாரையும் அவ்வாறே கொள்ளுதல் தகும்.

ஏறத்தாழ 10 இலட்சம் டாலர் செலவில் எழுந்த அவ்விடுதி, 1930-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் திறக்கப்பட்டது. காலமோ கொடிது. முந்திய ஆண்டு அக்டோபரிலேயே பங்குச் சந்தை வீழ்ந்து, நாடெங்கும் வறுமை பரவத் தொடங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் படைவீரரை ஏற்றிய வண்டிகளால் விடுதி நிரம்பிற்று. பின்னர் மோட்டார் வண்டியும் ஆகாய விமானமும் பயணிகளை ஈர்த்துக்கொண்டன. 1957-இல் விடுதி மூடப்பட்டது. 1959-இல் அதன் அரும்பொருள்கள் ஏலம் போயின. அம்மையார் 1958 சனவரியில் இறந்தமையின் ஏலத்தைக் காணவில்லை; கதவடைத்ததை அறிந்தே கண்மூடினார். அதன்பின் இருப்புப்பாதைக் கம்பெனியார் உள்ளே தடுப்புச்சுவர் எழுப்பியும், உத்திரங்கள் மறையத் தாழ்ந்த மேற்றளம் அமைத்தும், தம் அலுவலகமாக்கினர். இவர்களைப் பழித்தல் எளிது. ஆனால், கணக்கர் அமர்ந்து எழுதிய காரணத்தாலன்றோ, இடிபட்டுப்போன எத்துணையோ ஹார்வி விடுதிகளுடன் இதுவும் மறையாது நின்றது!

1990-ஐ அடுத்த ஆண்டுகளிற் கம்பெனியாரும் அகலத் துணிந்தனர், இடிப்பு நெருங்கிற்று. ஊரார் சிலர் கூடித் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சிக் காத்தனர். 1997-இல் கலிபோர்னியாவினின்றும் வந்த ஆலன் ஆபெல்ட் என்பார் இதனை வாங்கினார். விடுதி நடத்திப் பழகியவரல்லர் அவர். ஓவியரான தம் மனைவி டீனா மையனுடன் அங்கேயே குடியிருந்து, சில அறைகளைச் செப்பனிட்டுத் திறந்து, வரும் வருவாயைக்கொண்டு ஏனையவற்றைச் சீர்செய்தார். தடுப்புகள் நீங்கின, மறைந்திருந்த உத்திரங்கள் வெளிப்பட்டன.

ஈண்டு ஓர் ஐயம் எழும். ஏலம் போன பொருள்கள் யாவும் திரும்பவில்லை. கூடங்களில் மையன் அம்மையாரின் இக்காலத்து ஓவியங்கள் தொங்குகின்றன. இதனைப் புதுப்பித்தல் என்னலாமோ? ஏடு பதிப்பிப்போர் சிதைந்த இடத்திற் புள்ளியிட்டு விடுவரேயன்றித் தம் சொல்லைப் பெய்து நிரப்பார். அம்முறை பற்றி நோக்கின் இது பிழையே. ஆனால், ஏடு படித்தற்குரியது, வீடு குடியிருத்தற்குரியது. அன்றியும், கோல்ட்டர் அம்மையார் புனைந்த கதையை நினைவுகூர்க. தலைமுறைதோறும் ஒருவர் வந்து தம் விருப்பப்படி ஒன்று கூட்டிய மனை என்பதன்றோ அது? 1930-இல் இல்லாத அத்தலைமுறைகள் பின்னரே வந்தன எனலாம். கணக்கர் ஒரு தலைமுறை. நீர் பாய்ச்சிய ஊரார் ஒரு தலைமுறை. ஓவியர் ஒரு தலைமுறை. அவர் எழுதிய பொய்க்கதையை இவர்கள் மெய்யாக்கிவிட்டனர் என்பதே எம் கருத்து.

ஒன்று மட்டும் கூறி அமைவாம். இவ்விடுதியின் முகப்பு தெற்கே இருப்புப்பாதையை நோக்கியது. இக்காலத்து விருந்தினருட் பெரும்பாலார் மோட்டார் வண்டியில் வடபுறத்துத் தெருவழியே வருதலின், அம்மையார் புறக்கடையாகக் கருதிய வாயிலிலேயே நுழைகின்றனர். ஆயினும் நாடோறும் திசைக்கொன்றாக இரு பயணிவண்டிகள் அங்கு நின்று செல்கின்றன. அவற்றினின்றும் இறங்குவோர் சிலரே முகப்பு வழியாக உட்புகுகின்றனர்.