சிறுவணிகமும் துண்டறிக்கையும்

நுழையும்முன்

நாளிதழை விரித்ததும் அதனுள்ளிருந்து நழுவி விழும் வண்ணத்தாள், கடையில் பொருள் இட்டுத் தரும் துணிப்பை, சுவரில் தொங்கும் நாட்காட்டி ஆகிய மூன்றும் அச்சு விளம்பரங்களே. பெரிய நிறுவனங்களைப்போல் பெரும்பொருள் செலவிட இயலாத சிறுவணிகர்க்கு இவையே குரல். அக்குரல் உரியவர் செவியில் விழ எவ்வாறு எழுதவேண்டும், எவ்வளவு செலவிடவேண்டும் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பொருளும் புகழும்

திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வரும். கைவினைஞர் உருவாக்கும் இப்பூட்டு, 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. எனினும், இயந்திரத்தால் பெருமளவில் செய்யப்பட்டு விலை குறைவாக வரும் அலிகார் பூட்டுகளின் போட்டியால் இத்தொழில் நலிவுற்றது. இரண்டு பூட்டுகளையும் அருகருகே காணும் வாங்குநர்க்கு விலை வேறுபாடு உடனே தெரிகிறது; வேலைப்பாட்டின் வேறுபாடு தெரிவதில்லை. பூட்டுடன் ஒரு சிறு அச்சுத்தாள் இருந்து, அது கையால் செய்யப்பட்ட முறையையும், உள்ளே எத்தனை நெம்புகள் உள்ளன என்பதையும், பழுதானால் எங்கே சரிசெய்யலாம் என்பதையும் கூறுமானால், வாங்குநர் விலையோடு தரத்தையும் ஒப்பிடுவார். நல்ல பொருள் தானே பேசும் என்பர். ஆயினும் பேசாத பொருளுக்காக ஒரு தாளாவது பேசவேண்டியுள்ளது.

யாருக்கு, எப்போது?

திண்டுக்கல் நகரின் ஒரு பகுதி பேகம்பூர். ஹைதர் அலியின் உடன்பிறந்தவரான அமீருன்னிசா பேகத்தின் பெயரால் இப்பகுதி வழங்கப்படுகிறது. பெரிய பள்ளிவாசலும் தோல் பதனிடும் தொழிலும் இப்பகுதியின் அடையாளங்கள். இங்கே ஒரு சிறு தையற்கடை இருப்பதாகக் கொள்வோம். நோன்புப் பெருநாளுக்கு முன் அக்கடை விளம்பரம் செய்ய விரும்புகிறது. முதலில் எழுதப்பட்ட வாசகம் இது:

“நகரின் தலைசிறந்த தையலகம்! மிகக் குறைந்த கட்டணம்! அனைவரும் வாரீர்! வாரீர்!”

இதனைப் படிப்பவர் அறிந்துகொண்டது யாது? எல்லாக் கடைகளும் தம்மைத் தலைசிறந்தவை என்றே கூறுவதால் அச்சொல் பொருளிழந்துவிட்டது. கட்டணம் எவ்வளவு என்பதும் தெரியவில்லை. இனி, திருத்தி எழுதிய வாசகத்தைக் காண்போம்:

“பெருநாள் உடைகள் பிறை 15 வரை தைக்கப் பெறப்படும். பெருநாளுக்கு மூன்று நாள் முன்னரே உடை உங்கள் கையில். சிறுவர் உடைகளுக்கான தையற்கூலிப் பட்டியல் பின்பக்கம். இடம்: பெரிய பள்ளிவாசல் அருகில்.”

இதில் புகழ்ச்சி ஒன்றுமில்லை. ஆனால், ‘பெருநாளுக்குள் உடை கிடைக்குமா?’ என்று கவலைப்படும் பெற்றோர்க்கு விடை இருக்கிறது. கடைசி நாள், கூலி, இடம் ஆகிய மூன்றும் உள்ளன. வாசகர் மனத்தில் ஏற்கெனவே எழுந்த வினாவுக்கு விடையளிப்பதே நல்ல விளம்பரம்.

காலமும் இடமும் அவ்வாறே முதன்மையானவை. இத்தாளைப் பிறை 20இல் வழங்கினால் பயனில்லை. நடந்து வரும் தொலைவிலுள்ள தெருக்களில் நோன்பின் தொடக்கத்திலேயே வழங்கினால், குறைந்த எண்ணிக்கையே போதுமானது.

செலவைக் குறைக்கும் வழிகள்

டெம்மித் தாள் ஒன்றை எட்டாக வெட்டினால் கிடைப்பதை அச்சகத்தார் ‘டெம்மி 1/8’ என்பர். துண்டறிக்கைக்கு ஏற்ற அளவு இது. வண்ணத்தாளில் கறுப்பு மையால் மட்டும் அச்சிட்டால் ஒருவண்ண அச்சின் செலவிலேயே இருவண்ணத் தோற்றம் கிடைக்கும். ஆஃப்செட் முறையில் அச்சுத்தகடு செய்யும் செலவு, படிகள் நூறாயினும் ஆயிரமாயினும் ஒன்றே. ஆகவே படிகள் கூடக்கூட ஒரு படியின் விலை குறையும். சில நூறு படிகளே தேவையெனில் தகடு வேண்டாத டிஜிட்டல் அச்சு அல்லது நகலெடுப்பு சிக்கனமானது. நாளிதழ் வழங்குவோரிடம் தந்து இதழுடன் செருகச் செய்தால் தாள் வீட்டுக்குள்ளேயே சென்று சேரும்.

படித்தவுடன் எறியப்படும் தாளைவிட, வீட்டில் தங்கும் பொருளின் ஆயுள் மிகுதி. நாட்காட்டி ஆண்டின் 365 நாளும் கடையின் பெயரைக் காட்டுகிறது. தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் நாளன்று ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஞெகிழிப் பொருள்களுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. 2021 திசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பெற்றது. கடைப்பெயர் பொறித்த துணிப்பை இன்று சந்தைக்கும் பேருந்துக்கும் பயணம் செய்யும் விளம்பரமாகிவிட்டது.

பயனை அளத்தல்

ஆயிரம் துண்டறிக்கைகளை அச்சிட்டு வழங்க 1,500 ரூபாய் ஆவதாகக் கொள்வோம். அவற்றைக் கண்டு 10 பேர் வந்தால் ஒருவரை வரவழைக்க 150 ரூபாய். 30 பேர் வந்தால் 50 ரூபாய். ஒருவரால் கடைக்குக் கிடைக்கும் ஆதாயம் 100 ரூபாய் எனில், முதல் நிலையில் நட்டம், இரண்டாவதில் ஆதாயம். எனவே, மலிவாக அச்சிடுவது மட்டுமே சிக்கனமாகாது.

எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர் வந்தனர் என்பதை அறிய எளிய வழி உண்டு. ஒவ்வொரு தெருவுக்கும் வழங்கும் தாளின் மூலையில் அ, ஆ, இ என ஓர் எழுத்தை அச்சிட்டு, ‘இத்தாளுடன் வருவோர்க்குக் கூலியில் பத்து ரூபாய் குறைவு’ என்று குறிக்கலாம். திரும்பி வந்த தாள்களை எண்ணினால் அடுத்த ஆண்டு எங்கே வழங்குவது என்பது தெளிவாகும்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவின் முதல் செய்தித்தாளை ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி 1780இல் கல்கத்தாவில் தொடங்கினார். அதன் முழுப்பெயரிலேயே ‘விளம்பரம் செய்வது’ என்னும் பொருள்படும் சொல் இடம்பெற்றிருந்தது.

வாய்மையே முதல்

சிறுவணிகரின் வாடிக்கையாளர் பெரும்பாலும் அவர் வாழும் ஊரினர். பொய்யான விளம்பரத்தை நம்பி ஒருமுறை ஏமாந்தவர் நாளையும் அதே தெருவில் நடப்பார். அவர் சொல் துண்டறிக்கையைவிட விரைந்து பரவும். சட்டமும் இதனைக் கருதுகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. பொது இடங்களில் இசைவின்றிச் சுவரொட்டி ஒட்டி அவற்றின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

பெரிய எழுத்தும் உரத்த சொல்லும் ஒரு நொடி கண்ணை ஈர்க்கும். சொன்ன நாளில் உடையைத் தரும் கடையின் அடுத்த துண்டறிக்கையோ, மக்கள் எதிர்பார்த்துப் படிக்கும் செய்தியாகும். சிறுவணிகர் அச்சிடும் ஒவ்வொரு சொல்லும் தம் அண்டை வீட்டார்க்கு அளிக்கும் வாக்குறுதியே.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டுக்கு வந்த மூன்று துண்டறிக்கைகளைத் தொகுத்து, அவற்றில் செய்தி எது, வெறும் புகழ்ச்சி எது எனப் பிரித்து எழுதுக.

2. உங்கள் தெருவிலுள்ள சிறுகடை ஒன்றின் உரிமையாளரை நேர்கண்டு, அவர்தம் வாடிக்கையாளர் அடிக்கடி கேட்கும் வினாக்களைக் குறித்துக்கொள்க. அவற்றுக்கு விடையாக 30 சொற்களுக்கு மிகாமல் துண்டறிக்கை ஒன்று உருவாக்குக.

3. ‘மலிவான விளம்பரம்’, ‘சிக்கனமான விளம்பரம்’ – இவை இரண்டும் ஒன்றா? பாடக் கருத்துகளைக் கொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.