மெக்கானிக்கலில் எம்.இ.: நம்புவதும் நடப்பதும்

பி.இ. மெக்கானிக்கல் இறுதியாண்டுப் பிள்ளை இருக்கும் வீட்டில் மேற்படிப்புப் பேச்சு வந்தாலே ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள். பலவும் கேள்விப்பட்டதை வைத்துச் சொல்வதுதான். இரண்டு வருட உழைப்பைக் கேள்விப்பட்டதை நம்பிப் பணயம் வைக்க வேண்டாம். அடிக்கடி காதில் விழும் ஐந்தை இங்கே சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: “வேலை கிடைக்கவில்லையா, எம்.இ. சேர்ந்துவிடு.”

உண்மை: பட்டம் ஒன்று கூடுவதாலேயே வேலை தேடி வராது. உற்பத்தி, பராமரிப்பு, தரக்கட்டுப்பாடு போன்ற பிரிவுகளுக்கு டிப்ளமோ, பி.இ. போதும். கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பொதுத்துறை நிறுவனங்கள் ஆளெடுப்பதும் பெரும்பாலும் பி.இ. தகுதிக்கே. எம்.இ. கைகொடுக்கும் களம் வடிவமைப்பும் ஆராய்ச்சியும் சோதனையும். ஆவடியின் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம், கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், மகேந்திரகிரியின் இஸ்ரோ வளாகம், செங்கல்பட்டு அருகே மஹிந்திரா ரிசர்ச் வேலி என அப்படிப்பட்ட வேலை நடக்கும் இடங்கள் நம் மாநிலத்திலேயே உண்டு. பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக வேண்டுமென்றாலும் முதுநிலைப் பட்டம் வேண்டும்.

நம்பிக்கை 2: “இன்னும் இரண்டு வருடம் வீட்டுக்குப் பாரம்.”

உண்மை: கேட் தகுதியோடு, ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேரமாகச் சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. 24 மாதத்துக்குக் கணக்கிட்டால் 2,97,600 ரூபாய். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும், அதனால் பி.இ. முடித்த கையோடு சேர வேண்டிய கட்டாயமும் இல்லை. கேட் இல்லாதவர்கள் தமிழ்நாட்டில் சீட்டா நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம், ஆனால் இந்த உதவித்தொகை அவர்களுக்குக் கிடைக்காது. ஆகவே முதலில் கேட்டுக்குத் தயாராவதே லாபம். அதன் 100 மதிப்பெண்ணில் 15 பொதுத் திறனுக்கு, 13 கணிதத்துக்கு. இவ்விரண்டையும் ஒழுங்காகப் படிப்பவருக்குக் கால் பங்குக்கு மேல் கைக்குள் வந்துவிடும்.

நம்பிக்கை 3: “ஆன்சிஸ் கோர்ஸ் முடித்தால் போதும், எம்.இ. எதற்கு?”

உண்மை: ‘எல்’ வடிவ பிராக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்மூலை கூர்மையாக இருக்கிறது. ஆன்சிஸ் மென்பொருளில் சுமை கொடுத்து ஓட்டினால் அந்த மூலை சிவப்பாகத் தெரியும், தகைவு இவ்வளவு என்று ஓர் எண்ணும் வரும். பாகத்தைக் கூறுபோடும் வலையான மெஷ்ஷைப் பாதியாகச் சிறிதாக்கி ஓட்டுங்கள், எண் ஏறும். இன்னும் சிறிதாக்கினால் இன்னும் ஏறும், எங்கேயும் நிற்காது. முழுக் கூர்மையான உள்மூலையில் மீள்தன்மைக் கோட்பாட்டின்படி தகைவு எல்லையற்றது என்பதுதான் காரணம். நிஜப் பாகத்தில் இருக்கும் வளைவை, அதாவது ஃபில்லெட்டை, மாடலிலும் போட்ட பிறகே எண் ஓரிடத்தில் நிலைகொள்ளும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைக் குறுகிய பயிற்சியில் கற்றுவிடலாம். வந்த எண்ணை எப்போது நம்பக் கூடாது என்று அறிய மென்பொருளுக்கு அடிப்படையான ஃபைனைட் எலிமென்ட் முறையின் கணிதமும் மீள்தன்மைக் கோட்பாடும் வேண்டும். நல்ல எம்.இ. தரும் சொத்து இந்தத் தீர்ப்புத் திறன்தான்.

நம்பிக்கை 4: “மின்வாகனம் வந்துவிட்டது, மெக்கானிக்கல் முடிந்தது.”

உண்மை: பிஸ்டன், வால்வு, எக்ஸாஸ்ட் சார்ந்த வேலைகள் மின்வாகனத்தில் இல்லை என்பது சரி. ஆனால் லித்தியம் அயான் பேட்டரி சூடேறினால் ஆயுள் குறையும், கட்டுமீறினால் தீப்பிடிக்கும். அதைக் குளிர்விப்பது வெப்பப் பொறியியல் வேலை. இன்ஜின் சத்தம் அடங்கியதும், முன்பு கேட்காத கியர் இரைச்சல் காதில் விழுகிறது. அதைக் குறைப்பது அதிர்வியல் வேலை. மெக்கானிக்கல் முடியவில்லை, அதன் கேள்விகள்தான் மாறியிருக்கின்றன. எம்.இ. பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது அதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

நம்பிக்கை 5: “ஜெர்மனியில் எல்லாம் இலவசம்.”

உண்மை: பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, எல்லாவற்றிலும் அல்ல. பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலம் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் விதித்துள்ளது. இலவசமான இடத்திலும் வாழ்க்கைச் செலவு நம்முடையது. அதற்காக விசா பெற முன்கூட்டியே வங்கிக் கணக்கில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகை, 2024 செப்டம்பரில் வந்த விதிப்படி, ஆண்டுக்கு 11,904 யூரோ. ஆங்கிலத்தில் நடக்கும் மெக்கானிக்கல் படிப்புகள் ஜெர்மன் மொழியில் நடப்பவற்றைவிடக் குறைவு என்பதால் ஜெர்மன் மொழி தெரிந்தவருக்கு வாசல் அகலம்.

சரி, சேர்வதா வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பது? எம்.இ. இரண்டாம் ஆண்டின் பெரும்பகுதி ப்ராஜெக்ட்டிலேயே போகும். எனவே கல்லூரியின் பெயரைப் பார்த்த கையோடு, அந்தத் துறையில் அண்மையில் நடந்த ப்ராஜெக்ட் தலைப்புகளையும் வாங்கிப் பாருங்கள். அங்கே படிக்கும் சீனியர் ஒருவரிடம் கைடு எப்படி, லேப் உபகரணங்கள் ஓடுகின்றனவா என்று கேளுங்கள். அந்தத் தலைப்புகளில் ஒன்றாவது “இதை நான் செய்ய வேண்டும்” என்று உங்களை இழுத்தால் தயங்காமல் சேருங்கள். எதுவுமே இழுக்கவில்லை என்றால் ஓரிரு வருடம் வேலைக்குப் போங்கள். எதை ஆழமாகப் படிக்க வேண்டும் என்பது வேலையிலேயே தெளிவாகும்.