மணலில் அசைந்த பறவை

அகமதாபாத்தில் அனிமேஷன் மாணவனாக இருந்தபோது, ஆண்டிறுதிப் படத்துக்கு எந்த முறை என்று முடிவு செய்யப் பலவற்றையும் செய்து பார்த்தேன்.

திரையில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஒவ்வொரு ஓவியத்தையும் இரு முறை படம் பிடித்தால் 12 போதும். அப்படியும் நிமிடத்துக்கு 720 ஓவியங்கள்!

அட்டை உருவங்களை மூட்டு மூட்டாக இணைத்து நகர்த்துவது எளிது. லோட்டே ரைனிகர் 1926-லேயே நிழலுருவங்களைக் கொண்டு முழுநீளப் படம் எடுத்தார். தோற்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

என்னை ஈர்த்தது மணல்தான். அடியில் விளக்கு எரியும் கண்ணாடிமேல் மணலைப் பரப்பி விரலால் வரைய வேண்டும், மேலே காமிரா. ஒரு படம் எடுத்ததும் அதையே சற்றுக் கலைத்து அடுத்ததாக்க வேண்டும். பழையது திரும்ப வராது. காகிதத்தில் பத்தாவது ஓவியம் சரியில்லையென்றால் அதை மட்டும் மாற்றலாம். மணலில் அந்த வசதி இல்லை. ஆனால், பறவை மீனாக உருமாறும் அழகு வேறெதிலும் அவ்வளவு இயல்பாக வரவில்லை. மணலையே தேர்ந்தெடுத்தேன்.

பிள்ளைகள் வீட்டில் முயலலாம். மணலுக்குப் பதில் ரவை போதும். கைபேசியை அசையாமல் பொருத்துங்கள். வெளிச்சம் மாறாதிருக்க ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள்!