ஒன்றுக்கு இரண்டாக ஒரு வலை



‘ஸ்விட்ச்’ என்றதும் சுவரில் உள்ள விளக்குப் பொத்தான்தான் நம் நினைவுக்கு வரும். தரவு மையத்தில் அப்பெயர் கொண்ட கருவி வேறு. பல கணிப்பொறிகளின் கம்பிகள் வந்து சேரும் தட்டையான பெட்டி அது. ஒவ்வொரு கணிப்பொறிக்கும் உரிய 48 பிட் முகவரியை அது கற்றுக்கொண்டு, செய்தியை உரிய கம்பியில் அனுப்புகிறது. தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர் செய்யும் வேலைதான். முகவரி தெரியாவிட்டால் மட்டும், செய்தி வந்த கம்பியைத் தவிர மற்ற எல்லாக் கம்பிகளிலும் ஒரு பிரதியை அனுப்பிவிடும். இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்வோம். தொல்லை இங்கிருந்துதான் பிறக்கிறது.

புதிதாக ஒரு தரவு மையம் அமைக்கிறோம் என்று கொள்வோம். ஒரே ஸ்விட்ச் இருந்து, அது ஆண்டில் நூற்றில் ஒரு பங்கு நேரம் பழுதாகிக் கிடந்தால், ஏறக்குறைய 88 மணி நேரம் வேலை நின்றுவிடும். அத்தகைய இரண்டை வைத்தால், இரண்டும் ஒருசேரப் பழுதாகும் நேரம் பதினாயிரத்தில் ஒரு பங்கு. அதாவது 53 நிமிடம். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது! ஆனால் இரண்டையும் ஒரே மின் இணைப்பில் மாட்டினால் ஒரு ஃபியூஸ் போனதும் இரண்டும் அணைந்துவிடும். இரண்டு கம்பிகளையும் ஒரே பள்ளத்தில் புதைத்தால், மண்வெட்டி ஒரே வெட்டில் இரண்டையும் அறுத்துவிடும். ஆகவே மின்சாரமும் வழியும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

இனி இன்னோர் ஆபத்து. ஸ்விட்சுகளை இரு வழிகளில் இணைத்தால் வளையம் உண்டாகிறது. எல்லோருக்குமான ஒரு செய்தி அதில் புகுந்தால் சுற்றிச் சுற்றி வரும். சுற்றும்போதே பிரதிகளாகப் பெருகும். ஸ்விட்சுகளிடையே செல்லும் செய்திக்கு ஆயுள் வரம்பு கிடையாது. சில நொடிகளில் வலை முழுவதும் திணறிப்போகும். இதைப் ‘புயல்’ என்றே பொறியாளர்கள் சொல்கிறார்கள்.

இதற்கு வழி கண்டவர் ஒரு பெண்மணி என்பது நமக்கு மகிழ்ச்சியான செய்தி. ராடியா பெர்ல்மன் அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1985இல் ‘ஸ்பானிங் ட்ரீ’ முறையை உருவாக்கினார். ஸ்விட்சுகள் தமக்குள் ஒன்றை வேராகத் தேர்ந்தெடுக்கும். வேருக்குச் செல்லும் மிகச் சுலபமான வழியை மட்டும் ஒவ்வொன்றும் திறந்துவைத்து, வளையம் உண்டாக்கும் கம்பியை அடைத்துவைக்கும். திறந்த வழி அறுந்தால் அடைத்தது திறந்துகொள்ளும். இதை விளக்க அவர் ஒரு கவிதையும் எழுதினார். கணக்கும் கவிதையும் ஒரே கையில்! எது வேர் என்று நாம் குறிப்பிடாவிட்டால் மிகச் சிறிய எண்ணுள்ள ஸ்விட்சே வேராகிவிடும். அது பெரும்பாலும் மூலையில் கிடக்கும் பழைய பெட்டியாக இருக்கும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு ஸ்விட்சுகளுக்கு மேல் இருக்கலாகாது என்பது அதன் காலக்கணக்கில் அடங்கிய எண்ணம். பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் வலை சிறிது சிறிதாக வளர்ந்து அந்த எல்லையைத் தாண்டியது. 2002 நவம்பரில் ஏறக்குறைய நான்கு நாட்கள் வலை திரும்பத் திரும்ப முடங்கியது. மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். சோதனை முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். இத்தனைக்கும் பெரும்பாலான கருவிகள் பழுதாகவில்லை, திட்டம்தான் பழையதாகிவிட்டது.

பழைய முறையில் வழி மாற 30 முதல் 50 நொடிகள் ஆகும். 2001இல் வந்த விரைவு முறை இதைப் பெரிதும் குறைத்தது. எனினும் அடைத்த கம்பி வீணாகத்தானே கிடக்கிறது? பெரிய மையங்கள் இன்று வேறு அமைப்பைக் கையாளுகின்றன. தொலைபேசி நிலையங்களுக்காக சார்ல்ஸ் க்ளோஸ் 1953இல் வெளியிட்ட கருத்து அது. கீழ்வரிசை ஸ்விட்ச் ஒவ்வொன்றும் மேல்வரிசையிலுள்ள எல்லாவற்றுடனும் இணைந்திருக்கும். கீழ்வரிசையில் ஒன்றுக்கொன்று இணைப்பில்லை. இங்கே செய்தி ரூட்டர் முறையில் செல்வதால் ஒவ்வொரு கட்டத்திலும் அதன் ஆயுள் எண் ஒன்று குறைந்து, பூஜ்யமானதும் மறைந்துவிடும். எல்லாக் கம்பிகளும் உழைக்கும். மேலே நான்கில் ஒன்று விழுந்தால் முக்கால் பங்கு வலிமை மிஞ்சும்.

மையத்தைத் திறப்பதற்கு முன், ஒரு கம்பியை நாமே பிடுங்கிப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு ஸ்விட்சின் மின்சாரத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். எத்தனை நொடி தடைபட்டது என்று நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த கம்பிக்குப் போவோம்.