தொடக்கப் பட்டியலும் மென்பொருட் புதுப்பிப்பும்

கணிப்பொறியின் மின்விசையை அழுத்தியதும் லினக்ஸ் தானாகவே இயங்கத் தொடங்கிவிடுவதில்லை. தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைபொருள், முதலில் வட்டிலுள்ள ஒரு சிறு நிரலை இயக்குகிறது. அந்நிரல் லினக்ஸின் உட்கருவை நினைவகத்தில் ஏற்றி, பொறுப்பை அதனிடம் ஒப்படைத்து விலகுகிறது. இதற்குத் தொடக்க ஏற்றி என்று பெயர். டெபியன், உபுண்டு முதலியவற்றில் பெரிதும் வழங்குவது ‘கிரப்’ என்னும் ஏற்றியாகும்.

விண்டோஸும் லினக்ஸும் ஒருங்கே உள்ள ஒரு பள்ளிக் கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம். எதை இயக்க வேண்டும் என்று கேட்கும் பட்டியல் தொடக்கத்தில் தோன்றும். புதுப்பிப்பு முடிந்த ஒருநாள், அப்பட்டியலில் விண்டோஸைக் காணோம். மதிப்பெண் பதிவேடுகள் அழிந்தனவோ என்று ஆசிரியர் திகைக்கிறார். யாவற்றையும் மீண்டும் நிறுவவும் முற்படுகிறார். இது பெரும்பிழை. மறைந்தது பட்டியலின் ஒரு வரி மட்டுமே. வட்டைத் துடைத்து நிறுவினால்தான் பதிவேடுகள் உண்மையாகவே அழியும்.

இதன் காரணம் யாது? பிற இயங்குதளங்களைத் தேடித் தருவது ‘ஓஎஸ்-புரோபர்’ என்னும் துணைநிரல். 2021இல் வெளிவந்த கிரப் 2.06 முதல், பாதுகாப்புக் கருதி, அஃது இயல்பாக இயங்காதவாறு நிறுத்தப்பட்டது. உட்கரு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் பட்டியல் புதிதாக எழுதப்படுகிறது. தேடும் நிரல் இயங்காமையால் விண்டோஸ் விடுபடுகிறது.

பட்டியல் ‘கிரப்.சிஎஃப்ஜி’ என்னும் கோப்பில் உள்ளது. அதனை நேரே திருத்துதல் கூடாது. அடுத்த புதுப்பிப்பில் அத்திருத்தம் மறைந்துவிடும். நாம் திருத்த வேண்டுவது, ‘ஈடிசி’ அடைவில் ‘டிஃபால்ட்’ என்னும் பிரிவிலுள்ள ‘கிரப்’ கோப்பேயாகும். அதற்கு முறை வருமாறு:

1. அக்கோப்பின் படி ஒன்றை எடுத்து வைக்கவும்.
2. ‘கிரப் டிஸேபிள் ஓஎஸ் புரோபர்’ என்னும் அமைப்புக்கு ‘ஃபால்ஸ்’ என்ற மதிப்பை அளிக்கவும். அமைப்பின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துக்களில், சொற்களுக்கிடையே அடிக்கோடிட்டு எழுதுக.
3. ஓஎஸ்-புரோபர் நிறுவப்பட்டுள்ளதா என்று பார்க்கவும்.
4. நிர்வாகி உரிமையுடன் ‘அப்டேட்-கிரப்’ என்னும் கட்டளையை இடவும். விண்டோஸின் பெயர் திரையில் வந்ததைக் கண்ட பின்னரே கணிப்பொறியை மறுபடி தொடங்குக.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள் உள. புதுப்பிப்பின்போது, இவ்வமைப்புக் கோப்பின் பழைய வடிவம் வேண்டுமா, புதியது வேண்டுமா என்ற வினா எழலாம். வேறுபாட்டைப் படித்துப் பாராமல் விடையளித்தல் தகாது. புதியதை ஏற்பின் நம் திருத்தம் போய்விடும். புதிய உட்கரு ஒருமுறையேனும் செவ்வனே இயங்கும் வரை, பழைய உட்கருவை நீக்கலாகாது. புதியது தவறினால், தொடக்கப் பட்டியலின் மேம்பட்ட விருப்பங்கள் பகுதியில் பழையதைத் தேர்ந்து பணியைத் தொடரலாம்.

நூலகப் பட்டியலில் ஒரு நூலின் பெயர் விடுபட்டால், நூல் அலமாரியில்தான் இருக்கும். தொடக்கப் பட்டியலும் அத்தகையதே என்பதை மாணவர்க்கும் உணர்த்துதல் நலம்.