மின்வழிக் கல்விப் பதிவுப் பரிமாற்றத்தில் தமிழ்ப் பெயர்களும் தலைப்பெழுத்தும்

உயர்கல்வி நிறுவனங்களுக்கிடையே மாணவர் ஈட்டிய கிரெடிட் புள்ளிகளை மின்வழி மாற்றுவதற்கான கல்விசார் கிரெடிட் வங்கி, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறைகளால் உருவாயிற்று. அதில் கணக்குத் தொடங்கும் மாணவர் 12 இலக்க எண் பெறுகின்றார். எனினும் பதிவுகளைப் பொருத்துகையில் பெயரும் ஒப்பிடப்படுகிறது.

தமிழர் பெயர்களில் பெரும்பாலும் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னும் பிறிதொன்றில் பின்னும் நிற்கும். வேறொன்றில் முழுப்பெயராக விரியும். 'செந்தில்' என்பதன் தகர ஒலி ரோமன் எழுத்தில் இருவகையாக எழுதப்படுகிறது. அலுவலர் கண்ணுக்கு ஒருவராகத் தோன்றுபவர், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு இருவராகின்றார். அவர் ஈட்டிய புள்ளிகள் சேராமல் நிற்கும்.

ஆகவே, தமிழ்நாட்டு மாணவர் பதிவுகளில் தலைப்பெழுத்துக்குத் தனி இடமும், தமிழ் வடிவத்தை மூலப்பெயராகக் கொள்ளும் முறையும் தேவை என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.